திருத்தினால் ஒழிய எதிர்ப்பு



கலிபோர்னியாவின் தலைநகரம் சாக்ரமென்டோ. அங்கே சட்டமன்றக் குழு ஒன்று கூடி ஒரு மசோதாவை விசாரிக்கிறது. ஆதரிப்பவர்கள் பேசியாயிற்று, எதிர்ப்பவர்களும் பேசியாயிற்று. பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், அவ்வளவுதான். பிறகு அறையில் இருக்கும் மற்றவர்கள் மைக் முன்னால் வரிசைகட்டுகிறார்கள். பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்ற மூன்று விவரம் மட்டும் சொல்லலாம். காரணம் சொல்ல ஆரம்பித்தால் குழுத் தலைவர் குறுக்கிட்டு நிறுத்திவிடுவார். அந்த வரிசையில் தொழிற்சங்கத்துக்காரர் நிற்பார், வீடு கட்டும் நிறுவனங்களின் ஆள் நிற்பார். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் வந்து, “இன்ன நகரத்தின் சார்பில், எதிர்ப்பு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

லட்சக்கணக்கான பேர் குடியிருக்கும் ஒரு நகரம் என்ன நினைக்கிறது என்பது இப்படி ஒரே மூச்சில் பதிவாகிவிடுகிறது. நகரம் இப்படி நினைக்கிறது என்று முடிவு செய்தது யார்? எந்தக் கூட்டத்தில்? அதைத்தான் இன்று கொஞ்சம் பார்க்கலாம்.

அமெரிக்காவில் நகராட்சிகளுக்கு அதிகாரம் மாநிலத்திடமிருந்து வருகிறது. கலிபோர்னியாவில் சொந்த சாசனம் வைத்திருக்கும் நகரங்களுக்கு உள்ளூர் விஷயங்களில் கூடுதல் உரிமை உண்டு. ஆனால் எது உள்ளூர் விஷயம், எது மாநிலம் முழுவதற்குமான விஷயம் என்பதில் ஓயாத வழக்கு. ஆகவே சாக்ரமென்டோவில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு நகரமும் ஒரு கண் வைத்தே ஆக வேண்டும். அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,000 மசோதாக்கள் வருகின்றன. நகரங்களோ 483. அவற்றில் பல சின்னஞ்சிறு ஊர்கள். மசோதாக்களைப் படிப்பதற்கென்று தனியாக ஆள் வைக்க வசதி கிடையாது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, ஆண்டுத் தொடக்கத்திலேயே நகர மன்றம் ஒரு பொதுக் கொள்கை அறிக்கையை நிறைவேற்றி வைத்துக்கொள்வது. குடிநீர்த் திட்டங்களுக்கு நிதி தரும் மசோதாவை ஆதரிப்போம், நிலப் பயன்பாட்டில் நகரத்தின் அதிகாரத்தைப் பறிப்பதை எதிர்ப்போம் என்று தலைப்பு வாரியாக எழுதியிருக்கும். வருகிற மசோதா அதில் ஏதாவது ஒரு வரிக்குள் அடங்கினால் போதும், மன்றத்தில் மறுபடி வாக்கெடுக்காமலேயே மேயர் கையெழுத்தோடு கடிதம் போய்விடும். அடங்காவிட்டால்தான் மன்றத்துக்கு வரும்.

ஏன் இந்தக் குறுக்குவழி என்றால், நேரம். 1953இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, மன்றத்தின் வழக்கமான கூட்டம் எதுவானாலும் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாகப் பொதுவில் ஒட்ட வேண்டும். சட்டமன்றத்துக்கும் 72 மணி நேரக் கணக்கு ஒன்று உண்டு. மசோதாவின் இறுதி வடிவம் அவ்வளவு நேரம் பொதுமக்கள் பார்வையில் இருந்தால்தான் கடைசி வாக்கெடுப்பு நடத்தலாம் என்று 2016இல் மக்கள் வாக்களித்து அரசியல் சாசனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் ஒரு மசோதா தலைகீழாக மாறினால், அதை ஓர் அலுவலர் கவனித்து, அறிக்கை எழுதி, நிரலில் சேர்த்து, மன்றம் கூடுவதற்குள் சட்டமன்றத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆக, பொதுக் கொள்கை அறிக்கை இல்லாமல் காரியம் நடக்காது. ஆனால் எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. “உள்ளூர் அதிகாரத்தைக் காப்போம்” என்று ஒரு வரி இருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம். ஏழைகளுக்கு வீடு கட்ட இடம் விடு என்று சொல்லும் மசோதாவும் அதில் மாட்டும், நகரத்தின் வரி வருமானத்தில் கை வைக்கும் மசோதாவும் மாட்டும். இரண்டும் ஒன்றா? கலிபோர்னிய நகரங்களுக்கு 1898இலிருந்து ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. முக்கியமான மசோதாக்களுக்கு அது மாதிரிக் கடிதமே தயாரித்துக் கொடுத்துவிடும். நகரத்தின் பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள், உங்கள் ஊர் உதாரணம் ஒன்றை இங்கே சேருங்கள் என்று ஒரு குறிப்பும் இருக்கும். சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் அதைப் பிரிக்கிறவருக்கு, அச்சு அசலாக ஒரே மாதிரி வரும் கடிதங்களை அடையாளம் தெரியாமலா போகும்? எண்ணிக்கைக்கு உதவும், அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலஸ் மாதிரிப் பெரிய நகரத்தில் நடைமுறை இன்னும் விரிவானது. 15 பேர் கொண்ட மன்றம். ஓர் உறுப்பினர் தீர்மானத்தை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அது விதிகள் குழுவுக்குப் போகும். மன்றத்தின் தலைமைச் சட்ட ஆய்வாளர் மசோதாவைப் படித்து, நகரத்துக்கு என்ன லாபம், என்ன செலவு என்று அறிக்கை தருவார். பிறகு முழு மன்றத்தில் வாக்கெடுப்பு, அதற்கு மேல் மேயரின் இசைவு. இந்த மாதிரித் தீர்மானங்களின் கோப்பு எண்ணில் ஆண்டுக்கு அடுத்தபடி 0002 என்று இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் நகரம் எதையெல்லாம் ஆதரித்தது, எதையெல்லாம் எதிர்த்தது என்று வீட்டிலிருந்தே படித்துவிடலாம்.

2025இல் அப்படி வந்த ஒரு தீர்மானம்தான் எஸ்.பி. 79 மசோதாவைப் பற்றியது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மாநில செனட் உறுப்பினர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த மசோதா. ரயில் நிலையம், விரைவுப் பேருந்து நிறுத்தம் ஆகியவற்றிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் அடுக்குமாடி வீடுகள் கட்டலாம், நகரத்தின் மண்டல விதி என்ன சொன்னாலும் சரி என்பது அதன் சாரம். பெரிய நிலையத்தை ஒட்டிய மனையில் ஒன்பது மாடி வரை போகலாம். லாஸ் ஏஞ்சலஸில் குடியிருப்பு நிலத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் தனி வீடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. மசோதா எங்கே கை வைக்கிறது என்பது புரிந்திருக்கும்.

நகரத்தின் சட்டத்துறைத் தலைவர், அவரும் அங்கே தேர்தலில் நின்று வருகிறவர்தான், இந்த மசோதாவுக்கு ஆட்சேபம் தெரிவித்து முன்னதாகவே கடிதம் எழுதியிருந்தார். மன்றம் ஆகஸ்ட் 19ஆம் தேதிதான் வாக்களித்தது. உறுப்பினர் டிரேசி பார்க் கொண்டுவந்த தீர்மானம் 8க்கு 5 என்ற கணக்கில் நிறைவேறியது. திருத்தினால் ஒழிய எதிர்ப்பு என்பது நிலைப்பாடு. மாநிலம் ஏற்றுக்கொண்ட வீட்டுவசதித் திட்டத்தை வைத்திருக்கும் நகரங்களுக்கு விலக்கு கொடுங்கள் என்பது கேட்கப்பட்ட திருத்தம். மேயர் கேரன் பாஸும் கையெழுத்திட்டார்.

தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஐவரில் ஒருவர் நித்யா ராமன். சென்னையில் ‘டிரான்ஸ்பரன்ட் சென்னை’ என்ற ஆய்வு முயற்சியைத் தொடங்கி, பொதுக் கழிப்பறை எங்கே இருக்கிறது, குடிசைப் பகுதி எங்கே விடுபட்டிருக்கிறது என்று வரைபடம் போட்டவர் என்பதால் நம்மில் சிலருக்குப் பெயர் பரிச்சயமாக இருக்கலாம். மாநிலம் தலையிடுகிறது என்று கோபப்படுகிறோம், தலையிட வைத்ததே நாம் வீடு கட்டாமல் இருந்ததுதானே என்பது அவர் வாதத்தின் போக்கு. அதில் விஷயம் இருக்கிறது. 2029க்குள் 4,56,643 வீடுகளுக்கு வழி செய்ய வேண்டிய நகரம் அது. அதற்கான புதிய விதிகளை 2024 டிசம்பரில் இதே மன்றம் நிறைவேற்றியபோது, தனி வீட்டு மண்டலங்களைப் பெரும்பாலும் தொடாமல் விட்டது.

எட்டுப் பேரும் ஐந்து பேரும் சாக்ரமென்டோவுக்குப் போனதும் மறைந்துவிடுகிறார்கள். மசோதாவைப் பற்றிய குழு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஆதரவாளர் பட்டியல், எதிர்ப்பாளர் பட்டியல் என்று இரண்டு இருக்கும். அதில் எதிர்ப்புப் பக்கம் நகரத்தின் பெயர் மட்டும்தான் ஏறும். இழுபறியில் வந்த முடிவா, ஏகமனதாக வந்ததா என்பது அங்கே தெரியாது. 2018இல் வீனர் கொண்டுவந்த இதே போன்ற மசோதாவை லாஸ் ஏஞ்சலஸ் மன்றம் ஒருவர் கூட மறுக்காமல் எதிர்த்தது. ஏழு ஆண்டில் ஐந்து பேர் எதிர்த்தரப்புக்கு வந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தீர்மானத்தில் பெரிய செய்தியே இதுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். மசோதாவை ஆதரிக்கவோ எதிர்க்கவோ நகரம் பொதுப் பணத்தில் ஆள் வைத்து வாதாடலாம், கலிபோர்னியச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதே விஷயம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. மன்றம் தீர்மானம் போடலாம், பிரசாரத்துக்கு ஒரு காசு செலவழிக்க முடியாது. 1976இல் ஸ்டான்சன் எதிர் மாட் என்ற வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது.

எஸ்.பி. 79க்குத் திரும்புவோம். திருத்தினால் ஒழிய எதிர்ப்பு என்று சொன்னது நகரம் மட்டுமில்லை, கட்டுமானத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் எதிர்த்தது. சங்கத்தினர் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். உயரமான கட்டடங்களில் சங்கத் தொழிலாளர்களுக்கு இடம், ரயில் நிலையங்கள் நிறைய உள்ள எட்டு மாவட்டங்களுக்கு மட்டும் சட்டம் என்று திருத்தங்கள் ஏறின. சங்கம் எதிர்ப்பைக் கைவிட்டது. ஜூன் மாதம் செனட்டில் 40 பேரில் 21 பேர், அதாவது தேவையான குறைந்தபட்ச வாக்கோடு தப்பித்த மசோதா அது. சங்கம் பேசினால் வாக்குகள் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். நகர மன்றமோ, கூட்டத்தொடர் முடிய ஒரு மாதம் கூட இல்லாதபோது, பாதிக்கு மேல் கொஞ்சம் பலத்தோடு வந்து நின்றது.

அது கேட்ட விலக்கு கிடைக்கவில்லை. மொத்த வீட்டு எண்ணிக்கை குறையாமல் நகரமே மாற்றுத் திட்டம் வகுத்துக்கொள்ளலாம், தீ அபாயப் பகுதி போன்ற சில இடங்களை அடுத்த வீட்டுவசதித் திட்டம் வரை தள்ளிவைக்கலாம் என்ற அளவுக்கு நெகிழ்வு கிடைத்தது. 2025 அக்டோபர் 10 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஜூலை 1. எந்த இடத்தைத் தள்ளிவைக்கலாம், எங்கே மாற்றுத் திட்டம் வகுக்கலாம் என்று பார்க்கும் வேலை நகரத்தின் திட்டமிடல் துறைக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் அதே 15 பேர் மன்றம்தான் வாக்களிக்க வேண்டியிருந்தது.