காஞ்சனாபுரியில் துயிலும் வீரர்கள்

(தோட்ட மண்டபத்தில் நிகழ்ந்த நினைவுநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாய்லாந்தின் காஞ்சனாபுரி நகரில் போர்வீரர் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. சயாம்–பர்மா இரயில் பாதையில் உயிர்நீத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே துயில்கின்றனர். அடையாளம் தெரிந்த ஒவ்வொருவர் தலைமாட்டிலும் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் பொறித்த தகடு இருக்கிறது. எரியூட்டப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் அடங்கிவிட்டது. எனினும் அவர்தம் பெயர்களையும் விடாது மண்டபத்தில் பொறித்திருக்கின்றனர். ஆகவே கடல் கடந்து வரும் பேரன், தான் கண்டறியாத பாட்டனாரின் பெயரைத் தேடிக் கண்டு மலர் வைக்க இயலுகிறது.

அதே பாதையில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் மண் சுமந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்த நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவர். அவர்கள் படைவீரரல்லர், பெயர் பொறித்த கல்வரிசை அவர்களுக்கு வாய்க்கவில்லை. வீரருக்குரிய மரியாதையைக் குறைத்துக் கூறுகிறேன் என்று எண்ணற்க. அவர்களுக்குச் செய்தது முறையே.

உங்கள் குடும்பத்தில் சயாமுக்குச் சென்று திரும்பாதவர் எவரேனும் உண்டா? அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு, அவர் பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். இன்றிரவே எழுதுங்கள்.