சிற்றில் கட்டியவரும் சிதைத்தவரும்



பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், காப்பு முதல் அம்புலி ஈறாக ஏழு பருவங்கள் வரையில் குழந்தையை ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் பாராது கொஞ்சிவிட்டு, எஞ்சிய மூன்றில் மாத்திரம் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பங்கிட்டு வைத்தார்கள். சிற்றில் என்னும் மணல்வீடு கட்டுகிறவள் சிறுமி; அதைக் காலால் சிதைக்கிறவன் சிறுவன்! காவிய மரபென்ற அளவில் இது ரசிக்கத் தக்கதே. ஒருவருடைய பாலின மெய்ம்மையை நிறுக்கும் தராசாக இதைக் கொண்டால்தான் விபரீதம்.

அந்த விபரீதம் வெளியாரிடம் மாத்திரம் இல்லை. திருநங்கையரின் சமூகக் குழுவான ஜமாத்தை நாடி வரும் புதியவரிடம், "சின்ன வயசுலயே அக்கா பாவாடையைக் கட்டிக்கிட்டியா, கோலம் போட்டியா?" என்று கேட்பதும், "கில்லி ஆடினேன்" என்று அவர் சொன்னால் சந்தேகத்தோடு பார்ப்பதும் உண்டு. திருநம்பியரிடம் மரமேறிய கதையை எதிர்பார்க்கிறார்கள். கிராமத்தில் மரமேறாத சிறுமி எத்தனை பேர்?

2007இல் வெளிவந்த தம் சுயசரிதையில் திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா, பாவாடை உடுத்தி ஆடிய பால்யத்தை எழுதினார். மதுரையில் சிறுவயதிலேயே நாட்டியத்துக்கு மனம் பறிகொடுத்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பயின்று 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். இவை சத்தியமான வாழ்க்கைகள். மற்றவர்கள் பார்த்து எழுத வேண்டிய நகல்கள் அல்ல.

நகலெடுக்கும்படி நேர்ந்த சரித்திரமும் உண்டு. ஹாரி பெஞ்சமின் என்ற வைத்தியர் 1966இல் பாலின மாற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். பாலின மாற்றச் சிகிச்சை வேண்டி அமெரிக்க மருத்துவமனைகளுக்குச் சென்றவர்கள் அதை முன்கூட்டியே படித்து, அதிலிருந்த பால்யத்தையே தம் பால்யமாக ஒப்பித்தார்கள். வைத்தியர்களோ, எல்லோருடைய கதையும் நூலுக்கு இத்தனை பொருந்துகிறதே என்று திருப்தியுற்றார்கள்! இதை அம்பலப்படுத்தியவர் சாண்டி ஸ்டோன் என்ற திருநங்கை அறிஞர்.

2014 ஏப்ரல் 15ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு, அறுவைச் சிகிச்சையைக்கூட நிபந்தனையாக வற்புறுத்தலாகாது என்றது. மனைவி மக்களோடு குடித்தனம் நடத்தி நாற்பது வயதில் தம்மை அறிந்து வருகிற ஒருவரிடம், நீதிமன்றமே நிபந்தனையாக்காத பால்ய சாட்சியத்தை, ஜமாத்தின் மூத்தோரான நானிமார் கேட்பானேன்?