வாக்கு வந்தது, காணி வரவில்லை

(மீரியபெத்த மண்சரிவின் பத்தாவது வருட நினைவுக் கூட்டத்தில், 2024 ஒக்டோபர் 29ஆம் திகதி, சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பத்து வருடத்துக்கு முன் இதே நாள் காலையில் இந்த மலை சரிந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்ட நேரம், பெரியவர்கள் மலைக்குப் போன நேரம். லயங்கள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. முதல் நாட்களில் காணாமற் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வந்தது. ஒரு லயத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று உடனே எடுத்துக் காட்ட இந்த நாட்டில் ஒரு பதிவு இருக்கவில்லை. மண்ணுக்குள் போன நம் உறவுகளுக்கு முதலில் தலை வணங்குகிறோம்.

இந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் வருடமே எச்சரித்தது. 2011இலும் எச்சரித்தது. ஆனாலும் மக்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள். அதை வைத்து, "சொல்லியும் போகவில்லை" என்று நம் மக்கள் மீது பழி போட்டவர்கள் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. நம் பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லை. காணி இல்லாதவனிடம் வீட்டை மாற்று என்றால் அவன் எந்த மண்ணில் கூரை போடுவான்?

இன்னொரு கணக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மண்சரிவுக்கு 39 நாட்களுக்கு முன், 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி, ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. அந்த வாரங்களில் இந்த மலைகளுக்கு வராத கட்சி இல்லை. ஒலிபெருக்கி வந்தது, சுவரொட்டி வந்தது, வாக்குறுதி வந்தது. நம் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அந்த வாக்கு மலையைத் தடுத்து நிறுத்தவில்லை. வாக்கு இருப்பது ஒன்று, பிரதிநிதித்துவம் இருப்பது வேறொன்று. இதைத்தான் இன்று பேச வந்தோம். இன்னும் 16 நாளில், நவம்பர் 14ஆம் திகதி, பாராளுமன்றத் தேர்தல்.

நம் வாக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது, எப்படித் திரும்பியது என்பதை இளைஞர்கள் தெரிந்திருக்க வேண்டும். 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிபந்தனைகளோடு தான் என்றாலும், தோட்ட மக்களில் ஒரு பகுதியினருக்கும் வாக்கு கிடைத்தது. 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் அரசாங்க சபைக்குப் போனார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று தொகுதிதோறும் நம்மவர்கள். நம் பதுளையிலிருந்தும் எஸ். எம். சுப்பையா போனார். இன்னும் பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளை வெல்ல வைத்தது.

அது பொறுக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தான், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று பத்திரம் காட்டச் சொன்னார்கள். லயத்துக் காம்பிராவில் பிறந்த தகப்பனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதன்கீழ் விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. அதே 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து, பிரஜை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றாக்கியது. இவற்றை எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். எஸ். ஜே. வி. செல்வநாயகம் தம் கட்சியை விட்டே வெளியேறினார். 1952இல் நம்மவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஆனால் அந்த வருடத் தேர்தலில் தோட்ட மக்கள் சார்பில் ஒருவர்கூட வெல்ல முடியவில்லை. ஏழு ஆசனம் பூச்சியமாக ஐந்து வருடம் போதுமானதாக இருந்தது.

பிரதிநிதி இல்லாத மக்களுக்கு என்ன நடக்கும்? நாளை ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி 60 வருடம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். போக விருப்பமா என்று அந்த மக்களைக் கேட்டுவிட்டுப் போட்ட ஒப்பந்தம் அல்ல. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து எடுக்கிறார்கள். பாராளுமன்றத்தில் அப்போதும் நம்மவர் ஓரிருவர் இருந்தார்கள், ஆனால் அவை நியமன ஆசனங்கள். நியமித்த கையை மீறிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

1977இல் தான், நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கில் வென்றார். 1988 சட்டமும் 2003 சட்டமும் நாடற்றவர் என்ற பெயரைத் துடைத்தன. 2003ஆம் வருடச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருடம். மூன்று தலைமுறை.

வேறு நாடுகளையும் பார்க்கலாம். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867இலிருந்து தனி ஆசனங்கள் இருக்கின்றன, இன்று 7. அதே நாட்டில் வெளியிலிருந்து வந்து நிரந்தரமாகக் குடியிருப்பவர், பிரஜாவுரிமை எடுக்காவிட்டாலும், வாக்களிக்கலாம். இங்கேயோ, இந்த மண்ணில் பிறந்தவர்களின் வாக்கையே பிடுங்கினார்கள்.

சரி, வாக்கு திரும்பி வந்துவிட்டது. பிறகும் ஏன் மீரியபெத்த? இதற்குப் பதில் தூரத்தில் இல்லை, நம் பிரதேச சபையில் இருக்கிறது. 1987ஆம் வருடப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடை இருந்தது. நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினருக்குக்கூட நம் லயத்துப் பாதைக்குக் கல் போட வழி இல்லை. அந்தச் சட்டம் 2018இல் தான் திருத்தப்பட்டது. அதாவது, இந்த மலை சரிந்த நாளில், கிராமத்துக்குப் பிரதேச சபை இருந்தது, லயத்துக்குத் தோட்ட ஒப்பீஸ் தான் இருந்தது. திருத்தம் வந்த பிறகாவது சபை வேலை செய்ததா? 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலைத் தள்ளிப் போட்டார்கள். ஊவா மாகாண சபையும் 2019இலிருந்து இல்லை. இன்று பாதைக்கும் தண்ணீருக்கும் நாம் தெரிவு செய்த ஒருவரிடம் போய்க் கேட்க முடியாது.

ஆகவே வருகிற தேர்தல் இன்னும் முக்கியம். பதுளை மாவட்டத்தில் நம் மக்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம், ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. மாவட்டத்துக்கு 9 ஆசனம். கணக்குப்படி பார்த்தால் ஒன்றுக்கு மேல் நமக்கு உரியது. 2015இலும் 2020இலும் இரண்டு பேர் போனார்கள். ஆனால் இது யாரும் எழுதிக் கொடுத்த உரிமை அல்ல. வாக்கு சிதறினால் ஒன்றும் மிஞ்சாது. கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு விருப்பு வாக்கைப் போடாமல் வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைப் புள்ளடி முடிவு செய்கிறது, அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு முடிவு செய்கிறது. மூன்று இலக்கம் வரை போடலாம். அதை விட்டுவிட்டு வருவது, சமைத்த சோற்றைப் பரிமாறாமல் எழுந்து வருவது மாதிரி.

எந்தக் கட்சிக்கு என்று இந்த மேடையில் நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், அவர் எந்த நிறமாக இருந்தாலும், லயத்து வாசலிலேயே வைத்து நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: மண்சரிவு அபாயம் என்று அடையாளம் காட்டிய லயங்களில் இருப்பவர்களை எப்போது, எந்தக் காணிக்கு மாற்றுவீர்கள்?

இரண்டு: வீட்டோடு காணி உறுதியும் வருமா? எந்தச் சட்டத்தில், யார் பெயரில்? புருஷன் பெயரில் மட்டுமா, பெண்சாதி பெயரிலுமா?

மூன்று: பிரதேச சபைத் தேர்தலை உடனே நடத்தச் சொல்லிப் பாராளுமன்றத்தில் பேசுவீர்களா?

நான்கு: தேர்தல் முறை மாறினால், சிதறி வாழும் நம் மக்களின் ஆசனங்களுக்கு என்ன பாதுகாப்பு?

பதிலை எழுதி வையுங்கள். வென்ற பிறகு அந்தக் கடதாசியோடு போவோம்.

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலையில் கூடை சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தா கட்டுபவர்களிலும் அவர்களே அதிகம். ஆனால் தலைவர்மார் வரிசையைப் பாருங்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்து, 2018இல் முதல் முறை நடைமுறையானது. அடுத்த பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒவ்வொரு தோட்டப் பிரிவிலிருந்தும் மாதர் சங்கம் ஒரு பெயரை இப்போதே யோசித்து வைக்கட்டும். கட்சிக்காரர் வந்து கேட்கும்போது தேடக் கூடாது.

கடைசியாக, செய்ய வேண்டிய வேலைகள். வாக்காளர் அட்டை எல்லோருக்கும் வந்ததா என்று லயம் லயமாகப் பாருங்கள். ஒப்பீஸில் கட்டாகக் கிடந்தால் வாங்கிப் பகிருங்கள். அடையாள அட்டை தொலைந்தவர்கள் நாளைக்கே கிராம உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும். கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு டெலிபோன் எடுங்கள். வாக்களிக்கச் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். 14ஆம் திகதி வியாழக்கிழமை, தோட்டத்திலும் வேலை நாள். வயதானவர்களை வாக்குச் சாவடிக்குக் கூட்டிப் போகும் பொறுப்பை இளைஞர்கள் எடுக்க வேண்டும்.

இங்கே தப்பியவர்களுக்குப் புதுவீடு கிடைக்க இரண்டு வருடம் பிடித்தது. அது மண்ணுக்குள் போனவர்கள் கொடுத்த விலையில் வந்த வீடு. அடுத்த லயத்துக்கு அந்த விலை கொடுக்காமல் வீடும் காணியும் வர வேண்டும். அதற்காகத்தான் நம் வாக்கு, அதற்காகத்தான் நம் சங்கம்.