கடையும் கணக்கும்

(சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



கணக்கெழுதுதலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையிற் சிலர் கொட்டாவி விடுவதைக் காண்கிறோம். நாளெல்லாம் சனம் நிறைந்திருக்கும் கடையும் ஒருநாள் பூட்டப்படுவது ஏன் என்பதே நம் பேச்சு. ஆகையாற் சற்றுப் பொறுத்தருளுக.

இரட்டைப் பதிவு முறையை அச்சு நூலில் விளக்கிப் பரவச் செய்தவர் லூக்கா பச்சியோலி என்னும் இத்தாலியர். பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளிவந்த தம் கணித நூலில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினார். முறையை அவர் புதிதாகக் கண்டாரல்லர்; வெனிஸ் வணிகர் முன்னரே கையாண்டதை ஒழுங்குபடுத்தி எழுதினார். கடவுள் நாமத்தை எழுதிக் கணக்கைத் தொடங்குக என்பதும் அவர் சொன்னதே. பிள்ளையார் சுழியிட்டு, 'இலாபம்' என்றெழுதித் தொடங்கும் நம்மவர்க்கு அத்துறவியார் அந்நியரல்லர்.

கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம் உண்டு. கடைக்காரர் ஒருவர் 50,000 ரூபாவுக்கு அரிசியைக் கடனாக வாங்குகிறார் என்க. மொத்த வியாபாரி தந்த சிட்டையைப் பார்த்து அன்றே கொள்வனவு நாளேட்டில் எழுதுகிறார். அங்கிருந்து பேரேட்டுக்குச் செல்லும்போது, கொள்வனவுக் கணக்கில் 50,000 வரவு. வியாபாரியின் கணக்கில் 50,000 செலவு. கல்லூரியிற் கணக்கியல் பயிலும் மாணவரை மிக மயக்குவன இவ்விரு சொற்களே. வீட்டு வழக்கை மறந்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று கொண்டாற் போதும்.

மாத முடிவில் மீதிகளைத் திரட்டிப் பரீட்சைமீதி எடுத்தால் இருபக்கமும் சமமாதல் வேண்டும். சமமாகாவிடின் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது கணக்கர் உபாயம். மிச்சமின்றி வகுபட்டால், 540ஐ 450 என இலக்கம் மாற்றி எழுதியிருத்தல் கூடும். வித்தியாசம் 90 அல்லவா? ஆனாற் சமமாகிவிட்டதைக் கண்டு கணக்கு மெய்யென்று துணியலாகாது. எழுதாமலே விட்டது இருபக்கத்திலும் இல்லையாதலாற் பரீட்சைமீதி அதனைக் காட்டாது.

கடையைத் தின்பது அந்த எழுதாத பதிவுதான். உச்சிப்பொழுதில் மகன் வருகிறான். "அப்பா, அம்மா காசு வாங்கிக்கொண்டு வரட்டாம்" என்கிறான். லாச்சியிலிருந்து 2,000 ரூபா போகிறது. மாலையில் மகள் வந்து சீனியும் பருப்பும் கொண்டு போகிறாள். "என்ரை கடை, என்ரை காசு, இதை ஏன் எழுதவேணும்?" என்பார் கடைக்காரர். கணக்கியல் கூறும் விடை சற்றுக் கடுமையானது: ஐயா, கடை வேறு, நீர் வேறு. நீர் இட்ட முதல், கடை உமக்குத் தரவேண்டிய கடன். நீர் எடுப்பது அக்கடனிற் கழியும். ஆகவே எடுப்பனவுக் கணக்கில் 2,000 வரவு, காசேட்டில் 2,000 செலவு. சீனிக்கும் பருப்புக்கும் அவ்வாறே பதிவு உண்டு. நாளொன்றுக்கு 2,000 எனின் ஆண்டில் 730,000 ரூபா. கடை அவ்வளவு இலாபம் உழைக்காவிடின் வீடு உண்பது முதலையே. எழுதிவந்தவர் இதனைச் சில மாதங்களிற் காண்பார். எழுதாதவர், மொத்த வியாபாரி வாசலில் வந்து நிற்கும் நாளிற் காண்பார்.

கடனுக்கு விற்றதை மனத்திலேயே பதிந்து வைப்போரும் உளர். அவர் கண்மூடினால் வரவேண்டிய கடன்கள் அவருடன் போய்விடும். கொடுக்கவேண்டியவையோ சிட்டையும் கையுமாக மனைவி மக்களிடம் வந்து சேரும்.

இப்பொழுது பெரிய கடைகளில், பொருள் விற்ற கணமே காசு, விற்பனை, இருப்பு ஆகிய யாவற்றையும் கணினி தானே பதிந்துவிடுகிறது. எனினும் லாச்சியிற் சொல்லாமல் எடுத்ததைக் கணினியும் அறியாது. கடை பூட்டுமுன் கையிலுள்ள காசை எண்ணி, காசேட்டு மீதியோடு ஒப்பிடும் வேலை இன்றும் மனிதனுக்கே உரியது. குறைந்திருந்தால் அன்றிரவே வீட்டிற் கேட்கலாம், எடுத்தவருக்கு நினைவிருக்கும். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் ஒருவருக்கும் நினைவிராது.