வேரும் உப்பும்



மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி ஓரிரவு வைத்தால், மறுநாள் ஜாடியில் நீர் ஊறி நிற்பதும், துண்டுகள் சுருங்கியிருப்பதும் யாவரும் கண்டதே. அந்நீர் மாங்காயின் உயிரணுக்களுக்குள் இருந்த நீரே.

ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அது நீரை எளிதில் விடும். உப்பையும் சர்க்கரையையும் எளிதில் விடாது. ஆகவே, கரைந்த பொருள் குறைந்த பக்கத்தினின்று மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். 1748-ஆம் ஆண்டில் நொல்லே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், மதுசாரம் நிரம்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் மூத்திரப்பைத் தோலால் கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உட்புகுந்து தோல் புடைத்தது.

வேர்த்தூவிகளின் சாறு மண்ணிலுள்ள நீரைவிடச் செறிவுடையது. அதனால் நீர் வேருக்குள் புகுகிறது; உயிரணுக்கள் பூரிக்க, இலை நிமிர்கிறது. நாற்றின் அடியில் அம்மோனியம் சல்பேட்டைக் குவித்தாலோ, மண்ணின் நீர் வேரின் சாற்றிலும் செறிவு மிகுந்துவிடும். அப்பொழுது வேர் நீரைப் பெறுவதற்குப் பதிலாக இழக்கும்; மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடிக் கருகும். உவர் நிலத்தில் பயிர் தேறாமைக்கும் இஃது ஒரு காரணமாகும்.

எரு மிகுந்தால் விளைவும் மிகும் என்றெண்ணி, கடன்பட்டு வாங்கிய உரத்தையும் பயிரையும் ஒருங்கே இழத்தல் தகாது. அளவறிந்து, தவணை தவணையாக, ஈரமண்ணில் வேரை ஒட்டாமல் பரவலாக இடுக. தவறி மிகுந்துவிடின், காலந் தாழ்த்தாது நல்ல நீரைப் பாய்ச்சி வடித்துவிடுக.