முப்பத்தெட்டாவது வரி
(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் செயல்திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட மேடைகளில் நாம் பெரும்பாலும் பரிசு வாங்கிய கதையைத்தான் சொல்வோம். நான் சொல்லப்போவது நடுவழியில் கவிழ்ந்த ஒரு செயல்திட்டம். கவிழ்த்தவள் மாணவி அல்ல, நான்தான்.

என்னிடம் 12ஆம் வகுப்பு படித்த ஒரு மாணவியின் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் வீட்டுத் திண்ணையில் இரண்டு மெஷின். வாடிக்கையாளர் பெயர், தெரு, தொலைபேசி எண், ரவிக்கை அளவு, அட்வான்ஸ், பாக்கி எல்லாம் ஒரு நீண்ட நோட்டில் இருக்கும். யாராவது வந்து "என் பாக்கி எவ்வளவு அக்கா?" என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். "இதைக் கணினியில் போட முடியுமா டீச்சர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பாடநூலில் மாணவர் மதிப்பெண்ணை வைத்தே பழகிய பிள்ளை, தன் வீட்டுத் தேவையைத் தானே கண்டுபிடித்துக் கேட்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அப்போது நான் ரூபி மொழியைச் சொந்த ஆர்வத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ உருவாக்கி 1995இல் வெளியிட்ட மொழி அது. இலவசம். பைத்தான் தெரிந்த மாணவருக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். பள்ளி முடிந்தபின் ஆய்வகத்தில் உட்கார்ந்து இருவரும் நிரலை எழுதினோம். அவளுடைய அண்ணனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் நிறுவினோம்.

அமைப்பு எளிமையானது. தரவுத்தளம் எதுவும் இல்லை, ஒரே ஓர் உரைக் கோப்பு. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி. வரிசை எண், பெயர், தெரு, தொலைபேசி, பாக்கி என ஐந்து புலங்கள். இடையில் காற்புள்ளி. அளவுகள் நோட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். புதியவரைச் சேர்க்கும்போது கோப்பை 'ஏ' முறையில் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்ப்போம். பாக்கியை மாற்றும்போது எல்லா வரிகளையும் படித்து வைத்துக்கொண்டு, கோப்பை 'டபிள்யூ' முறையில் திறந்து, ஒவ்வொரு வரியையும் புலங்களாகப் பிரித்து, உரிய வரியில் மட்டும் பாக்கியை மாற்றி, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுவோம்.

ஆய்வகத்தில் ஐந்து பெயர்களை வைத்துச் சோதித்தோம். அருமையாக ஓடியது. 212 வாடிக்கையாளர்களையும் அந்தப் பெண் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டச்சு செய்தாள். "இனிமேல் பாக்கியை நோட்டில் எழுத வேண்டாம், இரட்டை வேலை எதற்கு?" என்று அவள் அம்மாவிடம் சொன்னது நான். இதை நினைவில் வையுங்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாலையில் கடைக்குப் போனேன். அம்மா மெஷினை விட்டு எழுந்து வந்து, "ஒண்ணுமில்ல டீச்சர், பெட்டியில இருந்த கணக்கு போயிடுச்சு. பிள்ளை அழுதுகிட்டே இருக்கா" என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். 212 வரிகளில் 37தான் மிச்சம்.

என்ன நடந்தது? 38ஆம் வரியில் இருந்த வாடிக்கையாளர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். பாக்கி எவ்வளவு என்று நிரல் கேட்டபோது, அம்மா ஒன்றும் தட்டாமல் என்டரை அழுத்தினார். அவருடைய நோட்டில் பாக்கி இல்லாதவருக்கு அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும். பூஜ்யம் எழுதும் வழக்கம் இல்லை. நிரலும் அதை ஏற்றுக்கொண்டு, காற்புள்ளியோடு முடியும் ஒரு வரியை எழுதி வைத்தது. அன்று எந்தப் பிழையும் தெரியவில்லை.

மறுநாள் வேறொருவரின் பாக்கியை மாற்றினார்கள். ரூபியில் ஒரு வரியை 'ஸ்ப்ளிட்' கொண்டு பிரித்தால், கடைசியில் இருக்கும் வெற்றுப் புலங்களை அது விட்டுவிடும். எனவே 38ஆம் வரிக்கு ஐந்து புலங்களுக்குப் பதில் நான்குதான் கிடைத்தன. ஐந்தாவது இடத்தில் மதிப்பே இல்லை. மதிப்பே இல்லாததற்கு ரூபியில் 'நில்' என்று பெயர். அந்த நில்லின்மேல் இடைவெளி நீக்கும் செயலைச் செய்யப்போய், நிரல் பிழை காட்டி நின்றுவிட்டது. அது நிற்கும்போது 37 வரிகள் எழுதப்பட்டிருந்தன. 'டபிள்யூ' முறையில் திறந்த அந்த நொடியிலேயே பழைய கோப்பு முழுவதும் காலியாகியிருந்தது. மீதி 175 பேர் போன வழி அதுதான்.

பெயரும் தொலைபேசி எண்ணும் நோட்டில் இருந்தன. கடைசி மூன்று வாரப் பாக்கிக் கணக்கு மட்டும் எங்கும் இல்லை. என் பேச்சைக் கேட்டு அதை எழுதாமல் விட்டிருந்தார்கள். மூன்று மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அம்மா ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் பேசி, தொகையைக் கேட்டுச் சொன்னார். அநேகமாக எல்லோரும் உள்ளபடி சொன்னார்கள். நான்கு பேரின் தொகை கடைசிவரை தெரியவில்லை. தீபாவளி நேரத்தில் தையல்காரருக்கு ஒரு மாலை என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் மூன்று மாலைகளை எடுத்துக்கொண்டோம்.

பிறகு நிரலை மாற்றி எழுதினோம். என்னென்ன மாற்றினோம் என்று சொல்கிறேன், உங்கள் வகுப்புக்குப் பயன்படும்.

முதலாவது, மூலக் கோப்பின்மேல் நேரடியாக எழுதுவதில்லை. எல்லா வரிகளையும் நினைவகத்தில் சரிபார்த்து, புதிய தற்காலிகக் கோப்பில் எழுதி, அது முழுமையாக முடிந்தபின் பெயரை மாற்றிப் பழைய கோப்பின் இடத்தில் வைக்கிறோம். நடுவில் பிழை வந்தாலும் பழையது அப்படியே இருக்கும். ஒவ்வொரு நாளும் நிரலை முதன்முறை திறக்கும்போது தேதியிட்ட ஒரு நகலும் எடுக்கப்படுகிறது.

இரண்டாவது, தொகையை வாங்கும் இடம். முன்பு 'டூ ஐ' என்பதைக் கொண்டு சரத்தை எண்ணாக மாற்றிக் கூட்டிக்கொண்டிருந்தோம். அது எதற்கும் மறுப்புச் சொல்லாது. "இருநூறு" என்று கொடுத்தால் 0 தரும். "1,200" என்று கொடுத்தால் 1 தரும். ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பாக்கி ஒரு ரூபாயாகிவிடும், யாருக்கும் தெரியாது. 'இன்டிஜர்' என்று எழுதினால், எண்ணாக இல்லாததற்குப் பிழை காட்டும். அதைப் பிடித்து "தொகையை எண்ணில் மட்டும் தரவும்" என்று தமிழில் கேட்க வைத்தோம். வெறும் என்டர் என்றால் 0 என்று எடுத்துக்கொள்ளும்படி செய்தோம். அம்மாவின் பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை, நிரலை மாற்றினோம்.

மூன்றாவது, காற்புள்ளி. "மேலத் தெரு, கோயில் பக்கம்" என்று முகவரி கொடுத்தால் புலங்கள் ஓர் இடம் தள்ளிப்போகும். நாமே பிரிப்பதை விட்டுவிட்டு, ரூபியின் சிஎஸ்வி நூலகத்தைப் பயன்படுத்தினோம். காற்புள்ளி உள்ள புலத்தை அது மேற்கோள் குறிக்குள் வைத்துவிடும். வெற்றுப் புலத்தையும் விடாது.

நான்காவது, தொலைபேசி எண்ணை எண்ணாக வைக்கக் கூடாது, சரமாகவே வைக்க வேண்டும். தரைவழி எண்ணின் முதல் பூஜ்யம் இல்லையென்றால் காணாமல் போகும். அதேபோல், தேடுவது பெயரைக் கொண்டு அல்ல, வரிசை எண்ணைக் கொண்டு. ஒரே தெருவில் மூன்று லட்சுமி உண்டு.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் வந்தது. பட்டியலில் கட்டங்கள் நேராக நிற்கவில்லை. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. ரூபியிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. நாம் எண்ணுவதுபோல் எண்ண 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' என்று தனியாக ஒரு செயல் இருக்கிறது. அது 3 தருகிறது. இதைச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எழுத்து என்றால் என்ன என்று அன்று தமிழாசிரியரையும் அழைத்து ஒரு பாடவேளை பேசினோம்.

நம் 12ஆம் வகுப்புப் பாடத்தில் பைத்தானும் சிஎஸ்வி கோப்புகளும் வருகின்றன. அங்கும் 'டபிள்யூ' முறை திறந்தவுடன் கோப்பைக் காலி செய்யும். நாம் அதை ஒரு வரி அட்டவணையாகச் சொல்லிவிட்டு, ஒரு மதிப்பெண் வினாவாக மாற்றி முடித்துவிடுகிறோம். இப்போது நான் அப்படி நடத்துவதில்லை. பத்து வரி உள்ள ஒரு கோப்பைக் கொடுத்து, எழுதும் நடுவில் வேண்டுமென்றே பிழை வர வைக்கிறேன். கோப்பைத் திறந்து எத்தனை வரி மிச்சம் என்று அவர்களையே எண்ணச் சொல்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு நிரலையும் பக்கத்து மாணவரிடம் கொடுத்து, "இதை உடைத்துக் காட்டு" என்கிறேன். வெறும் என்டர், எண் கேட்ட இடத்தில் சொல், முகவரியில் காற்புள்ளி, ஒரே பெயரில் இருவர். இந்த நான்கையும் தாங்கினால்தான் கையெழுத்து.

இன்னொன்று. முதல் முறை நாங்கள் சோதித்தபோது அந்த ஐந்து பெயர்களும் எண்களும் உண்மையான வாடிக்கையாளர்களுடையவை. ஆய்வகக் கணினியில் பல நாள் அப்படியே கிடந்தன. தையல்காரரை நம்பிப் பெண்கள் கொடுத்த எண்கள் அவை. இப்போது சோதனைக்குக் கற்பனைப் பெயர்களை மட்டுமே பயன்படுத்துகிறோம்.

அந்த மாணவி மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்தபோது, வகுப்பு முன்னால் நான் எழுந்து நின்று, சோதிக்காமல் கொடுத்தது என் தவறு என்று சொன்னேன். அதன் பிறகுதான் அவள் தலை நிமிர்ந்தாள். புதிய நிரலில் பெயர் மாற்றும் பகுதியை எழுதியவள் அவள்தான். அவள் அம்மா இன்றும் அந்த நிரலைப் பயன்படுத்துகிறார். பாக்கியை நோட்டிலும் எழுதுகிறார். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை.