மோட்டார் வேண்டாம், கல்லும் வேரும் போதும்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வீட்டுக்கு வீடு குழாய் கேட்டோம், பல ஊர்களில் வந்தும் விட்டது. ஆனால் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் 200 லிட்டர் வெளியே வருது என்று வைத்துக்கொண்டாலும், 50 வீடு உள்ள தெருவில் தினம் 10,000 லிட்டர் சாக்கடை! அது தேங்கினால் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு வளரும். அடுத்த வீட்டு வாசலுக்கு ஓடினால் சண்டை வளரும்.

"இதுக்குப் பெரிய மெஷின் வேணுமே, கரண்டு பில் யார் கட்டுறது?" என்று கேட்பீங்க. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கழிவுநீரைக் கல்லும் செடியும் நிரப்பிய தொட்டி வழியாக விட்டுச் சுத்தம் செய்து, தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். கொல்கத்தா நகரத்துச் சாக்கடை கிழக்கே உள்ள ஈரநிலத்தில் வெயிலாலும் பாசியாலும் தெளிந்து, அங்கேயே மீன் வளர்கிறது. 2002ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது.

நம்ம தெருவுக்கு எப்படி? முதலில் ஒரு சின்னத் தொட்டி. சோற்றுப் பருக்கை, மண், எண்ணெய்ப் பிசுக்கு அதில் தங்கும். அடுத்து லேசான சரிவில் ஜல்லி நிரப்பிய பாத்தி. அதில் கல்வாழை, சேம்பு நடலாம். தண்ணீர் ஜல்லிக்கு அடியிலேயே ஓடணும், மேலே தெரியக்கூடாது. அப்போதான் கொசு வராது. கல்லிலும் வேரிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். வெளியே வரும் தண்ணீரை வாழைக்கு, தென்னைக்கு விடலாம். குடிக்கக் கூடாது, பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வேண்டாம். கழிப்பறைத் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது.

இடம் உள்ள வீட்டில் தனி உறிஞ்சுகுழி போதும். ஆனால் கிணற்றுக்கும் போருக்கும் பக்கத்தில் தோண்டாதீங்க. களிமண் பூமியில் தண்ணீர் இறங்காது, அங்கே செடிப் பாத்திதான் சரி.

இனி முக்கியமான விஷயம். கரண்டு வேண்டாம், ஆனால் கை வேணும். முதல் தொட்டியில் சேரும் கசடை வாரம் ஒரு முறை அள்ளாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதுவும் ஒரு சாக்கடைதான். "அது தூய்மைக் காவலர் வேலை" என்று ஒதுங்கினால் இத்திட்டம் நிற்காது. அது நம்ம வீட்டுச் சோறு, நம்ம வீட்டு எண்ணெய். கையுறை போட்டு, வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைப்போம். ஆண்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

2020ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கம் இரண்டாம் கட்டத்திலேயே கழிவுநீர் மேலாண்மையும் சேர்ந்தது. அதனால் கேட்க நமக்குத் தயக்கம் வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் இடங்களைக் குறியுங்கள். முறைப் பட்டியல் எழுதுங்கள். இரண்டையும் தீர்மான நோட்டில் ஏற்றி, கிராம சபையில் மனுவாகக் கொடுப்போம். பராமரிக்க ஆள் இருக்கு என்று காட்டிக் கேட்டால் நம் பேச்சுக்குப் பலம் அதிகம்.